நாலாவது புனல்

சிவசம்பு: இன்னொருக்காத் தொடுங்கோ பாப்பம்.

அய்யாவு: பயமா இருக்கு தம்பி... ஷாக்கு அடிக்காதுல்ல?

சிவசம்பு: டார்ச்லைட் பட்டறி அண்ணை. பச்சைப்பிள்ளை நாக்கில வைச்சாலும் ஒண்டும் செய்யாது. ரெண்டு கம்பியையும் வைச்சு எடுங்கோ.

அய்யாவு: ம்... டொக்குங்குது.

சிவசம்பு: அப்ப இந்த ஒலிபெருக்கிப் புனலும் உயிரோட கிடக்கு. கோயில் வாசல் பெட்டி, கிழக்கு லயத்து வீட்டு வரிசை, மேற்கு லயம்... மூண்டும் நல்லம்.

அய்யாவு: மூணும் நல்லாருந்தா கெட்டது அந்த நாலாவதுதான். கீழ் லயத்துப் புனலு. நாங்கதான் நேத்தே சொன்னோமே.

சிவசம்பு: ஆர் சொன்னது?

அய்யாவு: ஐயாசாமி கங்காணி சொன்னாரு. கோயில் தலைவரு அவரு. கீழ் லயத்து மணியம் கம்பத்துல ஏறிப் புனலைக் கொடைஞ்சான், அதான் மைக் செட்டு எரிஞ்சுபோச்சுன்னு.

சிவசம்பு: நீங்கள் ஆள் மேய்க்கிற மண்டோர், கோயில் காரியதரிசியும். நீங்கள் என்ன சொன்னனீங்கள்?

அய்யாவு: நான் என்னாத்தச் சொல்றது? நூறு பேரு பாத்தாங்க. அவன் கம்பத்து மேல இருந்தான், கை புனல் வாய்க்குள்ள இருந்துச்சு.

சிவசம்பு: எப்ப ஏறினவன்? சத்தம் நிக்க முந்தியோ, நிண்ட பிறகோ?

அய்யாவு: அதெல்லாம் யாரு கண்டா...

சிவசம்பு: நூறு பேர் கண்டதெண்டு இப்பதானே சொன்னியள்.

அய்யாவு: தம்பி, நீங்க செட்டு ரிப்பேர் பண்ணுங்க. போலீசு வேலை எதுக்கு?

சிவசம்பு: பத்து மணிக்கு துரை ஆபீசில விசாரணை. என்னட்டைத்தான் கேப்பார், செட்டு என்னண்டு எரிஞ்சதெண்டு. நான் சரியாச் சொல்லாட்டில் அந்த மணியத்தின்ர பேர் தோட்டத்துக் கணக்கில இருந்து வெட்டுப்படும்.

அய்யாவு: பேரு ஏற்கெனவே வெட்டின மாதிரிதான். நேத்து திருவிழாவுக்கு மத்த தோட்டத்துத் தொரைமாரெல்லாம் நாற்காலி போட்டு உக்காந்திருந்தாங்க. எல்லாரு முன்னாடியும் செட்டு ஊமையாயிருச்சு. தொரைக்கு மூஞ்சி செவந்துருச்சு. லோரி கூட நிக்குது ஸ்டோருகிட்ட. மத்தியானம் குடும்பத்தோட ஏத்தி ஆயர் ஈத்தாம் ரோட்டுல எறக்கி விட்டுருவாங்க.

சிவசம்பு: எத்தினை பிள்ளையள்?

அய்யாவு: ...மூணு.

சிவசம்பு: அப்ப போலீசு வேலை கொஞ்சம் பாப்பம். இஞ்சை வாங்கோ. செட்டின்ர பின்பக்கத்தைத் திறந்திட்டன். மணந்து பாருங்கோ.

அய்யாவு: அலமாக்! தாளிப்பு கருகின நாத்தம்லா.

சிவசம்பு: இந்தக் கறுத்த பெட்டி தெரியுதோ? இதுக்குப் பேர் டிரான்ஸ்போமர். வால்வுகள் உண்டாக்கிற சத்தத்தை இதுதான் புனலுகளுக்குக் குடுக்கிறது. எரிஞ்சது இது மட்டும்தான். வால்வு ரெண்டும் நல்லாக் கிடக்கு.

அய்யாவு: அதுனால?

சிவசம்பு: புனலுக்க கை விட்டு அவன் கம்பியைக் கம்பியோட முட்ட வைச்சிருந்தால், வால்வு கொதிச்சிருக்கும், சத்தம் கம்மிக் கம்மிப் போயிருக்கும். நேற்று எப்பிடி நிண்டது?

அய்யாவு: பட்டுனு நின்னுச்சு. பூசாரி அர்ச்சனைய ஆரம்பிச்சு ரெண்டு வார்த்தை சொல்லல... பட்டுனு.

சிவசம்பு: அதுதான். பாரம் கழண்டிருக்கு.

அய்யாவு: பாரமா? யாரு என்னா தூக்குனா?

சிவசம்பு: பொறுங்கோ, சொல்லுறன். ஒவ்வொரு புனலுக்கும் நாலு ஓம்.

அய்யாவு: சாமி பேருக்கு முந்தி வர்ற ஓமா, எதுக்கெடுத்தாலும் நீங்க தலையாட்டுற ஓமா?

சிவசம்பு: ரெண்டும் இல்லை! கரண்டை அந்தப் புனல் எவ்வளவுக்கு மறிச்சு இழுக்குது எண்ட அளவு. நாலு புனலையும் வரிசையாக் கோத்தால் பதினாறு. செட்டுக்குப் பின்னால நாலு, எட்டு, பதினாறு எண்டு மூண்டு முளை இருக்கு. என்ன பாரமோ அந்த முளையில கட்டோணும். கூடக்குறைய இருந்தால் செட்டுக்கு வருத்தம். பாரமே இல்லாட்டில் செட்டு சாகும்.

அய்யாவு: இது என்னா கூத்து? பாரம் இல்லைன்னா லேசாத்தானே இருக்கும்? மாட்டு வண்டியில மூட்டைய எறக்குனா மாடு சாகுமா?

சிவசம்பு: தேர் இழுத்திருப்பியள்தானே? ஐம்பது பேர் மூச்சுப் பிடிச்சு வடத்தை இழுக்கேக்க வடம் அறுந்தால் என்ன நடக்கும்?

அய்யாவு: இழுக்கிறவன் எல்லாம் மல்லாக்க விழுவான்... நானே விழுந்திருக்கேன், இடுப்பு ஒரு மாசம் நிமிரல.

சிவசம்பு: அதுதான் இது. செட்டு முழுப்பலத்தோட இழுத்துக்கொண்டு நிண்டது. கம்பி அறுந்தது. அந்தப் பலம் போக இடமில்லாமல் டிரான்ஸ்போமருக்குள்ளயே பாய்ஞ்சு பொத்துப்போட்டுது.

அய்யாவு: அறுந்ததுன்னு... நீங்களா எப்படிச் சொல்றீங்க? நீங்கதான் செட்டுகிட்ட இல்லியே. தேத்தண்ணி குடிக்கப் போயிட்டீங்கள்ல.

சிவசம்பு: ...ஓம். அஞ்சு நிமிசம். கங்காணி வீட்டு அடுப்படிக்கு.

அய்யாவு: அந்த அஞ்சு நிமிசத்துலதான் எல்லாம் —

சிவசம்பு: விடுங்கோ அதை.

அய்யாவு: இல்ல, தொரை அதையும் கேப்பாருல்ல? ஓடுற செட்ட விட்டுட்டு —

சிவசம்பு: கேட்டால் நான் சொல்லுவன். விடுங்கோ எண்டுறன்.

அய்யாவு: சரி, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்குறேன். அந்த வாசல் பெட்டிக்குள்ள பெரிய வாய் ஒண்ணு, சின்ன வாய் ஒண்ணு இருக்கே. அப்ப மொத்தம் அஞ்சுல்ல? உங்க கணக்கே தப்பா இருந்தா?

சிவசம்பு: பரவாயில்லையே, கண் இருக்கு உங்களுக்கு. அந்தப் பெட்டிக்குள்ள ஒரு கம்பிச்சுருளும் ஒரு கண்டென்சரும் வைச்சிருக்கிறன். தவில் மாதிரித் தடிச்ச சத்தம் பெரிய வாய்க்குப் போகும். தாளம் மாதிரிக் கீச்சுச் சத்தம் சின்ன வாய்க்குப் போகும். தவிலைச் சின்ன வாய்க்குள்ள விட்டால் அதின்ர தோல் கிழிஞ்சுபோம். எந்தச் சத்தம் எண்டாலும் பாரம் எடுக்கிறது ஒரு வாய்தான். அதால ரெண்டும் சேந்து நாலு ஓம்தான்.

அய்யாவு: அட... சத்தத்துலயும் மேல் லயம், கீழ் லயமா?

சிவசம்பு: அது சத்தத்தைத்தான் பிரிக்குது, அண்ணை. ஆர் கேக்கினம் எண்டு பாத்துப் பிரிக்கிறேல்லை.

அய்யாவு: கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிறேன்.

சிவசம்பு: என்ன, திடீரெண்டு தண்ணி விடாய்?

அய்யாவு: ஒண்ணுமில்ல. வெயிலு. சரி தம்பி, ஒரு புனலோட கம்பி அறுந்துச்சுன்னே வச்சுக்குவோம். அந்தப் புனலு மட்டும்தானே ஊமையாகும்? மத்த மூணும் பாடணும்லா. கீழ் லயத்துத் தண்ணிக் குழாய அடைச்சா மேல் லயத்துல தண்ணி நின்னுருமா? இன்னும் வேகமாத்தான் வரும்.

சிவசம்பு: அடைச்சுப் பாத்திருக்கிறியளோ?

அய்யாவு: பஞ்ச காலத்துல... மாசக்கணக்குல அடைப்போம். அது வழக்கம். தண்ணி பத்தாதில்ல.

சிவசம்பு: ம். தண்ணிக் குழாய் கிளை கிளையாப் பிரியிறது. அதில ஒண்டை அடைக்கலாம். நான் கட்டினது அப்பிடி இல்லை, மாலை மாதிரிக் கோத்தனான். நாலு வயரும் செட்டு மேசைக்கடியில ஒண்டோட ஒண்டு முறுக்கினது: கரண்ட் வாசலுக்குப் போய் வந்து, கிழக்குக்கு, பிறகு மேற்குக்கு, பிறகு கீழ் லயத்துக்குப் போய், திரும்பிச் செட்டுக்கு. ஒரே கம்பி. எந்த இடத்தில அறுந்தாலும் நாலும் ஊமை. செட்டும் போம்.

அய்யாவு: ஒரே கம்பியா...

சிவசம்பு: ஒரே கம்பி.

அய்யாவு: அப்ப கீழ் லயத்துக்குப் போற கம்பிதான் மேல் லயத்துக்கும்...

சிவசம்பு: ஓம். அவையின்ர புனலுக்குள்ளால போய்த்தான் உங்கட பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அய்யாவு: இத நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

சிவசம்பு: ஏன், சொல்லியிருந்தால்?

அய்யாவு: சும்மா... தெரிஞ்சுக்கத்தான். அங்க பாருங்க, யாரோ வர்றாங்க.

சிவசம்பு: தலையில புனலோட வாறா. ஆர் அது?

அய்யாவு: பேச்சியம்மா. மணியம் பொண்டாட்டி. ஏய், நில்லு நில்லு! கோயில் வேலிக்கு அந்தாண்டயே நில்லு பேச்சி. அங்கயே எறக்கு.

பேச்சியம்மாள்: உள்ள வரலைங்க மண்டோரையா. எனக்குத் தெரியாதா? கங்காணி ஆளு அனுப்பிப் புனலைக் கொண்டாரச் சொன்னாங்க. கம்பத்துல இருந்து எறக்க அவரு இல்ல. அவர ஆபீஸ் திண்ணையில உக்கார வச்சிருக்காங்க. நானே ஏறி அவுத்துக்கிட்டு வந்தேன்.

சிவசம்பு: நீங்கள் ஏறினனீங்களோ? உள்ளுக்கு வாங்கோ தங்கச்சி, நிழல்ல நில்லுங்கோ.

பேச்சியம்மாள்: வேணாங்கய்யா. ஒரு பழியே போதும். இந்தாங்க, வேலிக்கு மேல தர்றேன், புடிச்சுக்கங்க.

சிவசம்பு: பாரம்... ஆ, பிடிச்சிட்டன். அண்ணை, பட்டறியைக் கொண்டாங்கோ. இதையும் பாப்பம். நீங்கள்தான் தொடோணும்.

அய்யாவு: நீங்களே தொடுங்க.

சிவசம்பு: மூண்டையும் நீங்கள்தானே தொட்டனீங்கள்?

அய்யாவு: சரி, கம்பியக் குடுங்க. இந்தா, தொட்டுட்டேன்.

பேச்சியம்மாள்: டொக்குன்னுச்சே! அதுக்கு என்னா அர்த்தங்கய்யா?

சிவசம்பு: உங்கட புனல்ல ஒரு பழுதும் இல்லை எண்டு அர்த்தம். உங்கட அவர் இதைக் கெடுக்கேல்லை.

பேச்சியம்மாள்: மாரியாத்தா... இத எழுதித் தருவீங்களா? நான் தொரைகிட்டக் காட்டுறேன்.

சிவசம்பு: காணாது. புனல் கெடேல்லை, கம்பியை அறுத்திட்டான் எண்டு சொல்லுவினம். நேற்று என்ன நடந்தது? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ.

பேச்சியம்மாள்: என்னாத்தச் சொல்ல... பொழுது சாயவே எல்லாரும் குளிச்சோம். தொவைச்ச துணி கட்டினோம். புனலுக்குக் கீழ கோலம் போட்டு, சூடம் வாங்கி வச்சிருந்தோம்.

சிவசம்பு: புனலுக்குக் கீழயோ?

பேச்சியம்மாள்: எங்களுக்கு வேற எடம் ஏதுங்க? அர்ச்சனையில எங்க பேரெல்லாம் வராதுன்னு தெரியும். சாமி பேராச்சும் காதுல விழுமேன்னு... எம் மாமியா காலத்துல இருந்து யாரும் அர்ச்சனையக் கேட்டதில்லைங்க, மணிச்சத்தம்தான் கேக்கும். பூசாரி ஆரம்பிச்சாரு. நான் சூடத்தக் கொளுத்துனேன். பட்டுனு நின்னுபோச்சு.

சிவசம்பு: அப்ப மணியம் எங்கை?

பேச்சியம்மாள்: எம் பக்கத்துல கும்பிட்டுகிட்டு நின்னாரு. சூடம் அணையுற வரைக்கும் பாத்தோம், வரல. குளவி கிளவி பூந்துருச்சான்னு அப்பறந்தான் ஏறிக் கைய விட்டாரு. அதுக்குள்ள மேல இருந்து ஆளுங்க ஓடியாந்து காலப் புடிச்சு இழுத்துட்டாங்க.

சிவசம்பு: கேட்டியளோ அண்ணை? பிறகுதான் ஏறியிருக்கிறான்.

அய்யாவு: கேட்டேன்.

பேச்சியம்மாள்: மண்டோரையாவுக்குத் தெரியாதா என்ன? அவருக்குத்தான் நான் கும்பிடு போடணும்னு வந்தேன்.

அய்யாவு: எனக்கு எதுக்கு? போ பேச்சி, ஆபீசுக்குப் போ.

பேச்சியம்மாள்: இருங்க சாமி, சொல்லிட்டுப் போறேன். கோயில் கூட்டத்துல நீங்கதான் எந்திரிச்சு, கீழ் லயத்துக்கும் ஒரு புனலு வைக்கணும்னு கேட்டீங்களாம். அவங்களும் மாரியாத்தா புள்ளைங்கதானேன்னு கேட்டீங்களாம். எங்க லயமே பேசுது. பாட்டுக் கேட்ட ரெண்டு நாளும் உங்க பேரச் சொல்லித்தான் —

அய்யாவு: போதும்.

பேச்சியம்மாள்: — எம் புள்ளைங்க கும்புட்டுச்சுங்க. நீங்க தொரைகிட்ட ஒரு வார்த்த சொன்னா —

அய்யாவு: போதும்னு சொன்னேன்ல!

பேச்சியம்மாள்: ...தப்பா ஏதும் பேசிட்டேனா சாமி?

சிவசம்பு: இல்லைத் தங்கச்சி. நீங்கள் அந்த மரத்தடியில கொஞ்சம் இருங்கோ. ஆபீசில இருந்து கூப்பிட ஆள் வரும்... அண்ணை, வயர்ச் சுருள் எங்கை? நான் காலமை வரேக்க கம்பி ஒண்டும் தொங்கேல்லை.

அய்யாவு: நான்தான் விடியக்காலமே சுத்தி வச்சேன். உங்களுக்கு வேலை மிச்சம்னு.

சிவசம்பு: விடியக் கணக்கெடுக்கிற பிரட்டுக்குப் போகாமலோ?

அய்யாவு: ஒரு நாளு போகல. அதுக்கென்னா?

சிவசம்பு: சரி, நல்ல மனம். அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கோணும். நாலு சுருள் கிடக்கு, எல்லாம் கறுப்பு. கீழ் லயத்து வயர் எது?

அய்யாவு: அந்த ஓரத்துல கெடக்குறது. செவப்பு நூலு கட்டுனது அதுதான்.

சிவசம்பு: இதுவோ?

அய்யாவு: ஆமா.

சிவசம்பு: இதில நூல் இல்லையே.

அய்யாவு: ...இருந்திருக்குமே. அவுந்து விழுந்திருக்கும்.

சிவசம்பு: நூல் கட்டினது செட்டு மேசைக்குக் கீழ, முளையில இருந்து ஒரு சாண் தூரத்தில. அது உங்களுக்கு எப்பிடித் தெரியும், அண்ணை? மேசையைச் சுத்தித் துணி கட்டியிருந்தது. குனிஞ்சு உள்ளுக்குப் போனால்தான் தெரியும்.

அய்யாவு: சுத்தும்போது பாத்தேன்.

சிவசம்பு: விடியக்காலமை நூல் இருந்ததெண்டால் இப்ப எங்கை? நுனியைப் பாருங்கோ. இழுத்து அறுந்தால் தும்பு தும்பாப் பிரியும். இது குறட்டால வெட்டின வெட்டு. ஒரு சாண் துண்டே காணேல்லை, நூலோட.

அய்யாவு: மெதுவாப் பேசுங்க. அவ காதுல விழும்.

சிவசம்பு: விழட்டுமே. கோயில் மண்டபத்துக்குள்ள, வேலிக்கு இந்தப் பக்கம் வெட்டின வெட்டு. மணியம் இந்த வேலியைத் தாண்ட ஏலுமோ? சொல்லுங்கோ.

அய்யாவு: ஏலாது.

சிவசம்பு: அப்ப ஆர்?

அய்யாவு: அவ பாக்குறா, இந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க.

சிவசம்பு: மண்டோர் அண்ணை. மணி ஒன்பதரை.

அய்யாவு: என்னைய இப்படிப் பாக்காதீங்க தம்பி. ராத்திரி முழுக்க மடியிலயே வச்சிருக்கேன். எறியவும் முடியல, எரிக்கவும் முடியல. இந்தாங்க... உங்க நூலு.

சிவசம்பு: தாங்கோ இஞ்சை.

அய்யாவு: கூட்டத்துல பேசுனதும் நான்தான். வெட்டுனதும் நான்தான். காறித் துப்புங்க.

சிவசம்பு: ஏன் செய்தனீங்கள்?

அய்யாவு: கங்காணி கூப்பிட்டாரு. பாட்டு கேக்கட்டும், பரவாயில்ல, அர்ச்சனை மட்டும் அவங்க பக்கம் போவக் கூடாதுன்னாரு. பூசாரி சொல்ல மாட்டேன்னு நிக்கிறான், நீதானே புனலு வைக்கச் சொன்ன, நீயே போயி அந்த செவப்பு நூலு கட்டுன கம்பிய நறுக்குன்னாரு. அர்ச்சனை முடிஞ்சு முறுக்கி விட்டுரலாம்னு... ஒரு கா மணி நேரம்தானேன்னு...

சிவசம்பு: செட்டை நிப்பாட்டச் சொல்லேல்லையோ?

அய்யாவு: அதெல்லாம் ஒண்ணும் சொல்லல. நறுக்குன்னாரு. குழாய அடைக்கிற மாதிரிதானேன்னு நெனைச்சேன். மேல நல்லாக் கேக்கும், கீழ மட்டும் நின்னுரும்னு. குறட்ட வச்சு அழுத்துனதும் செட்டுக்குள்ள ஒரு வெடிப்புச் சத்தம்... புகை... நூலிருந்த துண்ட நறுக்கி மடியில சொருகிக்கிட்டு வெளிய ஓடியாந்தேன். அதுக்குள்ள மணியம் பேரைச் சொல்லிக் கத்துறாங்க.

சிவசம்பு: நீங்கள் வாயே திறக்கேல்லை.

அய்யாவு: தொறந்தேன். நானும் சேந்து கத்துனேன். ...அதுதான் தம்பி, செட்டு போனது கூட இல்ல. "புடிங்கடா அவன"ன்னு மொதல்ல கத்துனதே நான்தான். இப்ப அவ வந்து கும்பிடு போடுறா. இதுக்கு அவ செருப்பால அடிச்சிருக்கலாம்.

பேச்சியம்மாள்: எனக்குச் செருப்பு இல்லைங்களே, மண்டோரையா.

அய்யாவு: பேச்சி... நீ மரத்தடிக்குப் போவலியா?

பேச்சியம்மாள்: புனலுக்குப் பக்கத்துல காத்துக் காத்து எங்க லயத்துக்கே காது கூர்மையாயிருச்சுங்க.

அய்யாவு: என்னை... நான்...

பேச்சியம்மாள்: ஒண்ணும் சொல்லாதீங்க. ஆபீசுல வந்து சொல்லுங்க. அது போதும்.

அய்யாவு: வர்றேன். கங்காணி என் மண்டோர் வேலையப் புடுங்குவாரு, கோயிலை விட்டுத் தள்ளி வப்பாரு. வைக்கட்டும். நானும் வேலிக்கு அந்தாண்ட நின்னு பாக்குறேன். தம்பி, அந்தத் துண்டக் குடுங்க, தொரைகிட்டக் காட்டணும். நீங்க எப்படி எரிஞ்சுச்சுன்னு மட்டும் ரெண்டு வார்த்த சொல்லிட்டா —

சிவசம்பு: நீங்கள் போங்கோ அண்ணை. நான் எழுதித் தாறன். எனக்கு இந்த வயரெல்லாம் கட்டோணும்... மத்தியானம் சாஆ டவுணில இருந்து பஸ் பிடிக்கோணும். நீங்கள் செய்ததைச் சொன்னால் காணும்தானே.

அய்யாவு: ஆமா, உங்களுக்கு எதுக்கு வீண் வம்பு? செஞ்சது நானு. உங்க செட்டையும் எரிச்சுப்புட்டு உங்களை வேற இழுக்குறேன். மன்னிச்சுக்கங்க தம்பி. வா பேச்சி, நேரமாச்சு.

பேச்சியம்மாள்: ஐயா... ஒண்ணே ஒண்ணு கேக்கலாங்களா?

சிவசம்பு: கேளுங்கோ.

பேச்சியம்மாள்: அந்தத் துண்டக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க. செவப்பு நூலு, ரெண்டு முடிச்சு... நாலு கம்பியும் கறுப்புன்னீங்க. மத்த மூணுக்கும் நூலு இல்ல. எங்க புனலு கம்பிக்கு மட்டும் எதுக்குங்க?

அய்யாவு: அது அடையாளம் பேச்சி. கழட்டுறப்ப எது எதுன்னு தெரிய —

பேச்சியம்மாள்: அவரக் கேட்டேன் சாமி.

அய்யாவு: தம்பி? ...ஏன் உக்காந்துட்டீங்க?

பேச்சியம்மாள்: நாங்க குளிச்சுட்டுக் காத்துக் கெடந்தோங்க. கட்டுனது யாருன்னாவது தெரியட்டும்.

சிவசம்பு: நான்தான் கட்டினனான், தங்கச்சி. நேற்று மத்தியானம் கங்காணி தன்ர வீட்டில இலை போட்டுச் சோறு தந்தவர். அர்ச்சனை நேரம் உங்கட புனலை மட்டும் ஊமையாக்க ஏலுமோ எண்டு கேட்டவர். ஏலாது எண்டு சொல்லியிருக்கலாம், அவருக்கு என்ன தெரியும்? நான் ஏலும் எண்டனான். செட்டை நிப்பாட்டிப்போட்டு, நூல் கட்டின வயரைக் கழட்டி, மிச்சத்தை முறுக்கச் சொல்லிக் குடுத்தனான். அவர் மண்டோரிட்டைச் சொல்லேக்க நூலை மட்டும்தான் சொல்லியிருக்கிறார். நான்தான் செய்யோணும் எண்டால் மாட்டன் எண்டிருப்பன்... என்ர கை படக்கூடாதெண்டுதானே விலகிப் போனனான். அண்ணை, நானும் வாறன், நடவுங்கோ. துரை நீ எங்கை நிண்டனீ எண்டு கேட்டால் தேத்தண்ணி குடிக்கப் போனனான் எண்டு இனிச் சொல்லமாட்டன். திருவிழா நேரத்தில ஆர் வீட்டில அடுப்பு எரியும்? அந்த அடுப்படியில ஒரு சொட்டுத் தேத்தண்ணி இருக்கேல்லை, தங்கச்சி. நான் வெறுங்கோப்பையைப் பிடிச்சுக்கொண்டு, சத்தம் நிக்குமட்டும் காத்துக்கொண்டு நிண்டனான்.